அப்பா பெயருக்குக் கை தூக்கச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருட நினைவு மலருக்கே என்னை எழுதச் சொன்னார்கள். இரண்டு முறை பேனாவை எடுத்தேன். அக்காவைப் பற்றி எழுதினால் நான் செய்த தப்பையும் எழுத வேண்டுமே என்று மூடி வைத்துவிட்டேன். இந்த வருடம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா பிறந்தது நாங்குநேரிப் பக்கம். பத்து வயதில் மும்பை தாராவிக்கு வந்தார்கள். ஏழாவதோடு படிப்பு நின்றது. அத்தான் சீக்கிரமே காலமாகிவிட, பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைத்துக் காலத்தை ஓட்டினார்கள். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த அறையில்தான் இருந்தார்கள். எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்கும் குணம். குர்லா ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாறினால்கூட, யார் மாற்றியது, எதற்கு மாற்றியது என்று விசாரிப்பார்கள். கூட நிற்கும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

என் மகள் செல்வி தமிழ்ப் பள்ளியில் பத்தாவது நல்ல மார்க்கில் தேறி, செம்பூரில் ஒரு காலேஜில் பதினொன்றாவது சேர்ந்தாள். இந்த ஊரில் பதினொன்றாவதே காலேஜில்தான். அங்கே எல்லாம் இங்கிலீஷ். இரண்டு மாதம் கழித்து காலேஜிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மகள் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரவில்லை, இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது என்று இருந்தது.

தினமும் டிபன் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள் எங்கே போகிறாள்? எனக்குக் கண் மண் தெரியவில்லை. சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். "போனேம்ப்பா, தெனமும் போனேம்ப்பா" என்று அழுதாள். "நாளைல இருந்து அத்தைகூட ஜிப் வைக்கப் போ" என்று புத்தகப் பையைப் பரண்மேல் எறிந்தேன்.

அக்கா வந்து பையை இறக்கினார்கள். நோட்டுகளைப் புரட்டினார்கள். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தேதி பார்க்கத் தெரியும்.

"ஏல, வராத பிள்ளைக்கு நோட்டு எப்படில நெறஞ்சிருக்கு?"

"எவகிட்டயாவது பாத்து எழுதிருப்பா."

"பாத்து எழுதினா பாடம் ஏம்ல பாதி வரில நிக்கி? இது ஒக்காந்து கேட்டு எழுதினது. கடுதாசி பொய் சொல்லுதா, பிள்ள பொய் சொல்லுதாளான்னு போய்ப் பாத்துருவோம், வா."

மறுநாள் மூன்று பேரும் போனோம். வாசலில் வாட்ச்மேன் தடுத்தார். "பையா, உள்ளே உட்காரமாட்டேன், வெளியே நின்று கேட்கிறேன்" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் அக்கா கும்பிட்டார்கள். கடிதத்தைப் பார்த்துவிட்டு அவர் விட்டார்.

வகுப்பு ஜன்னல் ஓரம் நின்றோம். செல்வி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். டீச்சர் மடமடவென்று பெயர்களைப் படித்தார். ஒவ்வொருவராக "ப்ரெசன்ட்" என்றார்கள். நடுவில் "சுடலைமுத்து" என்றார். அது என் பெயர். என் வாய் தானாக "ஆங்" என்றுவிட்டது. வகுப்பே ஜன்னலைப் பார்த்தது. செல்வி அசையவில்லை. டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அக்கா என் முதுகில் ஒரு போடு போட்டார்கள். "ஏல, தெனமும் ஒன்னயத்தாம்ல கூப்பிட்டிருக்காவ! நீதாம்ல காலேஜுக்கு வரல!"

நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஏது? காலேஜில் சேரும் பாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்றார்கள். என் பெயரை எழுதியது நான்தான். இந்த ஊரில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

"அப்பா பேர்ல ஒரு பையன் இருக்கான், அவன் வரவே மாட்டேங்கான்னு நெனச்சேன் அத்தை. எம்பேரு இன்னும் லிஸ்ட்ல ஏறலன்னு பயந்துட்டேன். கேக்க இங்கிலீஷ் வரல" என்றாள் வகுப்பு முடிந்து வந்த செல்வி.

நாங்கள் சொன்னதைக் கேட்டு டீச்சரம்மா நோட்டுகளைப் பார்த்தார். ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு வருகையைத் திருத்திக் கொடுத்தார். செல்வி பரீட்சை எழுதினாள். இன்று பி.காம் முடித்து வேலைக்குப் போகிறாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பத்தாவது ரிசல்ட் வந்ததும், எங்கள் தெருப் பிள்ளைகளைப் பட்டறை மாடியில் உட்கார வைத்து, அக்கா அவரவர் அப்பா பெயரை வேகமாகக் கூப்பிடுவார்கள். "அப்பன் பேரச் சொன்னா ரோஷம் வரக்கூடாது, கை மேல வரணும்" என்பார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கை தூக்கும். பிறகு ரயிலில் கூட்டிப் போய், எந்த கேட், எந்த மாடி, ஆபீஸில் யாரைக் கேட்பது என்று காட்டிவிட்டு வருவார்கள்.

அதுவரை காலேஜ் படி மிதிக்காத அக்காவுக்கு வெளியே நின்று கேட்டுப் பார்க்கலாம் என்று எப்படித் தோன்றியது? எனக்கு இன்றும் வியப்பு. ஒரு தடவை அவர்களிடமே கேட்டேன். "ஒனக்கு ஏம்ல தோணல?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் சீட்டைப் பார்த்து அத்தான் பெயரைக் கூப்பிட்டார். அத்தான் பெயரை ஒரு நாளும் வாயால் சொல்லாத அக்கா, கையைத் தூக்கி "ப்ரெசன்ட்" என்றார்கள். செல்வி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தார்கள். அதற்குப் பின் ஒன்பது நாள்தான் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணையிருந்த பட்டறைப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், அந்த டீச்சரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

சொந்தங்களுக்கு ஒரு வேண்டுதல். அக்கா காலேஜில் சண்டை போட்டு ஜெயித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நின்று கேட்டார்கள், அவ்வளவுதான். என் மேல் உள்ள பிரியத்தில், நான் பையைப் பரணில் எறிந்ததை விட்டுவிடவும் வேண்டாம். தமிழ் வாசிக்க வராத நம் பிள்ளைகளுக்கு இதைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி சுடலைமுத்து,
தாராவி.