ஜெனரல் ஸ்டிக்னியும் என் துணிக்கொடியும்

எல்பர்ட் ஸ்டிக்னியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருடைய நட்சத்திரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நான் அவருடைய கோட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த மனிதரின் சட்டைகளைத் துவைத்தவளும் கோட்டுகளைத் தட்டிப் பெட்டி போட்டவளும் நான். எனக்கு எழுத்து தெரியாது. தோள்பட்டையைப் படிப்பேன். ஒற்றைப் பட்டை லெப்டினன்ட், இரட்டைப் பட்டை கேப்டன், தங்க இலை மேஜர், வெள்ளி இலை அதற்கு ஒரு படி மேல், கழுகு கர்னல், நட்சத்திரம் ஜெனரல். எங்கள் கான்சாஸ் முகாமில் ஒரு சலவைக்காரிக்கு அவ்வளவு படிப்பு போதும்.

அவர் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. முகாமுக்குப் பதினோரு மைல் வடக்கே பன்றி வளர்த்த ஸ்டிக்னியின் மூன்றாவது மகன். ராணுவப் பள்ளியில் படித்துவிட்டு 1911-இல் ஒற்றைப் பட்டையோடு பீரங்கிப் பிரிவில் வந்து சேர்ந்தார். அப்போது பீரங்கிகளைக் குதிரைகள் இழுத்தன. அந்தக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவன் என் புருஷன் ஆம்ப்ரோஸ். முதல் நாளே வீட்டுக்கு வந்து சொன்னான்: “புது லெப்டினன்ட் குதிரைக் கால அமுக்கிப் பிடிச்சாரு பாரு, அது பன்னி பிடிச்ச கை. மறைக்க முடியாது.” அவர் மறைக்கவும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து, ஊரில் தீவனக்கடை வைத்திருந்தவரின் மகள் கோராவைக் கட்டிக்கொண்டார். கோரா சிரித்தால் குதிரை லாயம் வரை கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவளைக் கட்டினேன் என்று அவர் சொல்வார். 1917-இல் பிரான்சுக்குச் சண்டைக்குப் போனார். கோரா குளிர்காலம் முழுக்க என் சலவை அறை அடுப்போரம் வந்து உட்கார்ந்திருந்தாள். 1919 வசந்தத்தில் அவர் திரும்பினார், இரண்டு தோளிலும் கழுகோடு. முப்பத்திரண்டு வயதில் கர்னல். ஊர் வாத்தியக் கோஷ்டியோடு ரயிலடிக்கே போய் அழைத்து வந்தது.

அடுத்த வாரம் சட்டைகளை எடுக்கப் போனேன். “கஞ்சி கெட்டியா போடட்டுமா?” என்று கேட்டேன். “ஆமா, இன்னும் ரெண்டு வாரத்துல” என்றார். கோரா சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். வலது காது பீரங்கியோடு போயிற்று, இடது காதில் பாதிதான் மிச்சம் என்றாள். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். டாக்டர்களுக்குத் தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பன்றிப் பண்ணை அண்ணன் கைக்குப் போய்விட்டது. ராணுவத்தை விட்டால் அவருக்குப் போக இடமில்லை, தெரிந்த தொழிலும் இல்லை. வெளியே யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

மறு வருஷம் கழுகும் போயிற்று. சண்டைக் காலத்தில் கொடுத்த பதவியைச் சண்டை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது எங்கள் ராணுவத்தின் வழக்கம். அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை, அதிகாரிகள் தெரு முழுக்க நடந்தது. இரவு கர்னலாகப் படுத்தவர்கள் காலையில் கேப்டனாக எழுந்தார்கள். அவர் கோட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

“மிசஸ் க்ராஸ், கழுகு குத்தின ஓட்டை தெரியாம தைச்சிடுங்க.”

ஓட்டையை அடைத்தேன். ஆனால் கழுகு மூடியிருந்த இடத்துத் துணி வெயில் படாமல் கறுப்பாகவே இருந்தது. வெளிச்சத்தில் நின்றால் தோளில் பறவையின் உருவம் தெரியும். இளசுகள், “பறவை பறந்திடுச்சு, கூடு மட்டும் கேப்டன்கிட்ட இருக்கு” என்று கேலி பேசினார்கள். கேலி அவர் காதில் விழவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் செவிடு உதவியது.

அவர் பயந்ததெல்லாம் சாயங்காலத்துக்குத்தான். ஐந்து மணிக்குக் கொடி இறக்குவார்கள். பியூகிள் என்கிற ஊதுகொம்பை ஊதத் தொடங்கியதும் முகாமில் யார் எங்கே இருந்தாலும் அங்கேயே நின்று கொடியைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும். குழந்தை பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊதி முடித்ததும் ஒரு பீரங்கி வெடிக்கும், பிறகு கொடி இறங்கும். பீரங்கி அவருக்குப் பாதத்தில் தெரிந்துவிடும். பியூகிள் தெரியாது. அது ஊதும்போது ஓர் அதிகாரி நடந்துகொண்டிருந்தால் முகாம் முழுக்கப் பார்க்கும், அடுத்த நாள் டாக்டர் கூப்பிடுவார். அதனால் ஐந்து மணிக்குக் கோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உலாவப் போவாள். பியூகிள் தொடங்கியதும் உள்முழங்கையில் ஒரு கிள்ளு. அவர் நிற்பார். எவ்வளவு அன்னியோன்னியம் என்று பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அவருடைய சட்டையைக் கழற்றிப் பார்த்திருந்தால் தழும்பு தெரிந்திருக்கும்.

டெக்சாஸ், பிலிப்பைன்ஸ் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். போன இடமெல்லாம் கோராவும் அவள் விரலும் போயின. 1931-இல் தங்க இலையோடு எங்களிடமே திரும்பி வந்தார், பீரங்கிப் பள்ளிக்கு ஆசிரியராக. ஐந்து வருஷத்தில் கோராவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“டில்டா, எனக்கப்புறம் இந்த மனுஷன எவ கிள்ளுவா?”

“என்னப் பாக்காத. சலவைக்காரி ஆபீசர் கைய பிடிச்சுக்கிட்டு உலாவுனா முகாமே சிரிக்கும்.”

“ஆம்ப்ரோஸ் சுத்தியலத் தூக்கிக்கிட்டு வருவானோ?”

வலியோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அவள் கண் ஜன்னலுக்குப் போனது. அதிகாரிகள் தெருவுக்குப் பின்னால் மேட்டில் என் துணிக்கொடி. மைதானத்தில் எங்கே நின்றாலும் அது தெரியும்.

அப்படித்தான் முடிவாயிற்று. மைதானத்தில் அவர்கள் கொடி, மேட்டில் என் கொடி. தினமும் ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளைத் தலையணை உறையை எடுத்து உதற ஆரம்பிப்பேன். பியூகிள் கேட்டதும் மற்றவர்களைப் போல நானும் நிற்க வேண்டியவள்தானே, நிற்பேன். அவர் நடந்துகொண்டே மேட்டைப் பார்ப்பார். வெள்ளை அசைந்தால் நடக்கலாம், நின்றால் நிற்க வேண்டும். யாருக்கும் எதுவும் தெரியாது.

மழை பெய்தாலும் ஐந்து மணிக்குத் துணி உதறினேன். பனி கொட்டும்போதும் உதறினேன். க்ராஸ் வீட்டுக்காரிக்கு மூளை கலங்கிவிட்டது என்று தெருவில் பேசினார்கள். ஆம்ப்ரோஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்தான். “ஏண்டி, உறை விறைச்சுப் பலகையாட்டம் இருக்கு, இத யாருடி தலைக்கு வெச்சுப் படுப்பா?” அவனிடமும் சொல்லவில்லை. அவன் நல்லவன், ஆனால் லாயத்தில் எல்லாம் உளறுவான்.

வருஷா வருஷம் உடம்புப் பரிசோதனை உண்டு. அதற்கு அவர் பயப்படவில்லை. டாக்டர் அறைக் கோடியில் நின்று எண்களை முணுமுணுப்பார், திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர் எல்லா வருஷமும் அதே எண்களைத்தான் சொன்னார். அறுபத்தாறு, முப்பத்தெட்டு, தொண்ணூற்றொன்பது. அது எனக்கே மனப்பாடம். அப்படி வெள்ளி இலை வந்தது, பிறகு இருபது வருஷம் கழித்துக் கழுகு திரும்பி வந்தது. கோராவின் பொத்தான் டப்பாவில் கிடந்த அந்தப் பழைய கழுகையே தேய்த்துக் குத்திக்கொண்டார். அடுத்த சண்டையும் வந்தது. 1942-இல் ஒரு டிவிஷனின் பீரங்கிகள் முழுவதையும் அவரிடம் கொடுத்து நட்சத்திரம் கொடுத்தார்கள். புதுக் கோட்டு ஒன்றையும் இரண்டு நட்சத்திரங்களையும் என்னிடம் கொண்டு வந்தார், ஒரு தோளுக்கு ஒன்று.

“நீங்களே குத்துங்க. இந்தத் தோள எனக்கு மேல உங்களுக்குத்தான் தெரியும்.”

குத்தினேன். கண் மங்கியதால் ஒன்று கோணலாகிவிட்டது, மறுபடி குத்தினேன்.

ஒன்றரை வருஷம் பையன்களைப் பழக்கினார். புது வருஷத்தில் கப்பலேறப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த அக்டோபரில் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் எந்திரிக்கவில்லை. முதல் நாள் அவர் பீரங்கி சுட்டுப் பழகும் வெளியில் இருந்தார், தப்பித்தார். இரண்டாம் நாள் ஐந்து மணிக்கு மைதானத்தில் இருந்தார். மேட்டைப் பார்த்தார். கொடி காலி. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நேராக என் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அப்போதுதான் பியூகிள் ஊதியது.

எழுநூறு பேர் கல்லாக நிற்க, ஜெனரல் மட்டும் நடந்தார். பின்னால் வந்த இரண்டு கேப்டன்களுக்கு நிற்பதா, ஜெனரலோடு போவதா என்று தெரியவில்லை. ஒருவர் தூக்கிய காலை இறக்காமல் கொக்கு மாதிரி நின்றாராம். பீரங்கி வெடித்ததும் அவர் நின்றார். திரும்பினார், கொடிக்கு சல்யூட் அடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை என்று ஆம்ப்ரோஸ் சொன்னான். சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கொடி இறங்கிய பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. என் வீட்டுக்கே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, உதடு தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

“உசுரோட இருக்கீங்களே. அது போதும்” என்றார்.

நான் நாளைக்கு எழுந்துவிடுவேன், நீங்கள் ஏதோ யோசனையில் நடந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளியுங்கள் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

“இன்னிக்கு வெறும் கொடி, மிசஸ் க்ராஸ். அங்க சண்டைக்குப் போனா ஒருத்தன் போன்ல கத்துவான். நிறுத்துங்க, குண்டு நம்ம ஆளுங்க மேல விழுதுன்னு. எனக்குக் கேக்காது.”

“அதுக்குத்தான் கூட ஒரு ஆள வெச்சுக்கறது. இங்க நான் இல்லியா?”

“ரெண்டு நாளா இல்லியே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்துநாலு வருஷம் கோரா கிள்ளியதும் நான் பனியில் நின்றதும் இதற்குத்தானா என்று கேட்டேன். அவர் என் போர்வையைச் சரிசெய்தார்.

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நடந்ததை டாக்டர் பிற்பாடு என்னிடம் சொன்னார். “டாக்டர், இந்தத் தடவ வேற நம்பர் சொல்லுங்க” என்றாராம். டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் நேராக நின்று காத்திருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாராம்.

நட்சத்திரத்தைப் பிடுங்கவில்லை. ஆட்களுக்குத் தட்டுப்பாடு, அதனால் சண்டை முடியும் வரை புதுப் பையன்களைப் பழக்க இங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவருடைய பீரங்கிகள் ஜனவரியில் ரயிலேறின. பிளாட்பாரத்தில் நின்று கடைசிப் பெட்டி போகும் வரை கையை நெற்றியிலிருந்து எடுக்கவில்லை. ஜன்னலெல்லாம் பையன்கள் ஏதோ கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார். உங்கள் பெயரைத்தான் என்றேன். செய்தது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். கூட ஒரு நல்ல ஆளை வைத்துக்கொண்டு போயிருக்கலாம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

1946-இல் ஓய்வு. முகாம் வாசலுக்கு வெளியே, நாங்கள் அப்போது குடிபோயிருந்த வீட்டுக்கு எதிரில் ஒரு சின்ன வீடு வாங்கினார். ஆம்ப்ரோஸும் அவரும் முன்வாசலில் உட்கார்ந்து காய் நகர்த்தி விளையாடுவார்கள். ஆம்ப்ரோஸ் கத்துகிற கத்தலில் தெருநாய் ஓடும். பிறகு சட்டைப் பையில் வைக்கிற காது மெஷின் ஒன்று வாங்கினார். முதல் நாள் சாயங்காலம் பியூகிள் ஊதி முடிந்ததும் தெருவைக் கடந்து வந்தார்.

“அந்தப் பையன் நடுவுல ஒரு இடத்துல தப்பா ஊதுறான்.”

“யாரு வந்தாலும் அந்த இடத்துல தப்பாத்தான் ஊதுவாங்க. இருபது வருஷமா அப்படித்தான்.”

“கோரா சொல்லவே இல்லியே” என்றார்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் பையில் கைவிட்டு மெஷினை நிறுத்த ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். பேட்டரி வீணாகிறதாம். ஆம்ப்ரோஸோடு நாள் முழுக்கச் சண்டை போடும்போது வீணாகாத பேட்டரி. நான் என் தலையணை உறையை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் கட்டியிருந்த கொடிக்குப் போனேன்.

ஒரு நாள் அவரைச் சோதித்துப் பார்த்தேன். பியூகிள் ஊதியது. நான் வேண்டுமென்றே நிற்காமல் இன்னும் இரண்டு தடவை உதறினேன். ஆம்ப்ரோஸ் எழுந்துவிட்டான். ஜெனரல் எழவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

உறையை நிறுத்தினேன். அவர் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு நான் அப்படிச் செய்யவில்லை.