தரங்கம்பாடியை ஏன் விற்றார்கள்?

டோர்வலில் நான் குடியிருந்த கட்டடத்திலிருந்து கோப்பிக் கடைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. பனிக்காலத்தில் எண்ணூறைத் தாண்டும். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் அடியைச் சுருக்கி வைப்பேன். மனைவி போன பிறகு, சனிக்கிழமை தவிர மற்ற ஆறு நாளும் அந்த நடைக்குக் காரணம் இருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் சற்றுத் தள்ளியிருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரிலிருந்து வருவார். தரங்கம்பாடிக்காரர். நான் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன். இருநூறு வருடத்துக்கு மேல் வைத்திருந்த அவருடைய ஊரை டென்மார்க் ஏன் ஆங்கிலேயருக்கு விற்றது என்பதுதான் எங்கள் தீராத வழக்கு.

"வியாபாரம் படுத்திட்டுது, டொக்டர். வரவை விடக் கோட்டைச் செலவு கூட."

"அது மட்டுமில்ல சார். கப்பல் வரதே நின்னுபோச்சு. யாரும் போய்ப் பாக்காத இடத்தை எத்தனை நாள் வச்சிருப்பான்?"

"காரணம் ஒண்டுக்கு அரை மார்க்தான் தருவன்."

"வாத்தியார் புத்தி போகுமா!"

ஒரு மாசி மாதம், வீட்டை விற்றுவிட்டு, விமானத்தில் போகவேண்டிய தூரத்துக் கல்கரியில் மகளோடு போயிருக்கப்போவதாகச் சொன்னார். "பனி வழிக்க முடியல சார். அஞ்சு ரூம்ல நாலு பூட்டியே கிடக்கு."

"அப்ப டென்மார்க்காரன் செய்ததுதான்."

"ஆமா சார். இப்பத்தான் அவனைப் புரியுது," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, நான்கு ஜன்னல். இங்கேயே வந்துவிடுங்கள் என்று கேட்பதாக முடிவுசெய்து அடுத்த சனிக்கிழமை போனேன்.

"வீட்டு அலுவல் என்ன மாதிரி?" என்று தொடங்கினேன்.

"இன்னும் உறுதி இல்ல சார்."

வீடு விற்கிற பேச்சில் உறுதி என்றால் எங்கள் ஊரில் பத்திரம். உறுதியில்லாத வீட்டை எவர் வாங்குவார்? பத்திரத்தை எங்கேயோ தவறவிட்டிருக்கிறார், தேடி எடுக்க மாதங்களாகும் என்று நினைத்தேன். நண்பரின் கஷ்டத்தில் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டு இரண்டாவது கோப்பியும் குடித்தேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல கிளம்பறேன் சார்."

"உறுதி இல்லையெண்டு சொன்னீங்களே?"

"ஆமா, போற தேதிதான் உறுதியாகாம இருந்துது. வீடு அப்பவே வித்தாச்சே!"

"எங்கட கட்டடத்தில ஒரு வீடு காலியா இருக்குது, டொக்டர்."

"அப்படியா? யாருக்கு சார்?"

"ஒருத்தருக்குமில்லை. சும்மா சொன்னனான்."

"கல்கரிக்கு ஒரு தடவை வாங்க சார்."

"ஓம், வாறன்," என்றேன். எங்கள் இரண்டு ஊரிலும் விடைபெறுவதற்கும் அதைத்தான் சொல்வோம். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.