சுண்ணாம்பு பூசாத முட்டி

1. குளிர் விட்ட பெட்டி

"மேடம், உள்ளுக்கு ஐஸ் இல்லை. தண்ணி நிக்குது."

ஆழ்குளிர்ப் பெட்டியின் கதவைப் பிடித்தபடி என் ஆய்வு மாணவி நிலானி சொன்ன சொற்கள் இவை. நாடெங்கும் மின்வெட்டு நீண்டிருந்த காலம் அது. ஜெனறேற்றருக்கு டீசல் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த சிறு ரியூப்களில் எங்கள் மதுவக் கலங்கள் வாரக்கணக்காக உறைந்தும் உருகியும் மறுபடி உறைந்தும் அலைக்கழிந்திருந்தன. ஈஸ்ற் என்று பலரும் அழைக்கும் மதுவம் எளிதில் சாகாத உயிர்தான். எனினும் அத்தகைய அலைச்சலை அதுவும் தாங்காது.

இருந்தவற்றையெல்லாம் ஏகார்க் கூழ் ஊற்றிய தட்டுகளில் பூசிப் பார்த்தோம். பல தப்பிப் பிழைத்திருந்தன. எங்களுக்கு வேண்டிய ஒன்று மாத்திரம் முளைக்கவில்லை.

"வேறை ரியூப் இருக்கோ எண்டு பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் பாத்திட்டன் மேடம். தொண்டைமானாறு எண்டு எழுதினது ஒண்டும் வரேல்லை."

தொண்டைமானாறு என்பது அந்த மதுவம் கிடைத்த ஊரின் பெயர். அந்த மதுவத்தின்மீதே அவளுடைய கலாநிதிப் பட்டமும் என் கடைசிப் பல ஆண்டு வேலையும் நின்றிருந்தன.

2. எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி

என் தொழிலைப் பற்றி இளையோர்க்குச் சிறிது சொல்ல வேண்டும். நான் படித்ததும் படிப்பித்ததும் ஆங்கிலத்தில். தமிழில் எழுதுவதை ஓய்வுபெற்ற பின் நானாகவே பழகிக்கொண்டேன். எனவே பிழைகளைப் பொறுத்தருள்க.

செல் எனப்படும் ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை படியெடுத்துக்கொள்ளும். அந்த வேலை குரோமோசோம் எனப்படும் நிறமூர்த்தத்தின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிவதன்று. நீண்ட வீதியொன்றைத் திருத்துவோர் கொடிகாமத்தில் ஒரு கூட்டத்தையும் சாவகச்சேரியில் இன்னொரு கூட்டத்தையும் ஒரே நாளில் இறக்குவதுபோல, கலமும் பல இடங்களிலிருந்து படியெடுக்கத் தொடங்குகிறது. சில இடங்கள் முந்தும். சில பிந்தும். சில உறங்கியே கிடக்கும். எந்த இடம் எப்போது விழிக்கிறது, அதை விழிக்கச் செய்வது எது என்பவையே என் வாழ்நாளின் கேள்விகள்.

வெளிநாட்டில் பயின்றபோது பாண் போடும் மதுவத்தில் இதனைப் படித்தேன். ஊர் திரும்பியபோது அங்கிருந்த பெரிய கருவிகள் இங்கே இல்லை. ஆனால் இங்கே இருந்த ஒன்று அங்கே இல்லை. எங்கள் பனங்கள்ளில் வாழும் மதுவம், கோடை வெயிலில் மரத்தின் உச்சியில் தொங்கும் முட்டி என்னும் மண்பானைக்குள் கொதிப்பைத் தாங்கிப் பெருகும். முன்னர் எங்களுடன் பணியாற்றிய ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் தொண்டைமானாற்றிலிருந்து ஒரு போத்தல் கள் கொண்டுவந்து, தாமே தட்டுகளில் பூசித் தந்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த மதுவத்தில், ஏனைய மதுவங்களில் உறங்கிக் கிடக்கும் ஒரு தொடக்க இடம், வெப்பம் ஏறியதும் எல்லாவற்றுக்கும் முந்தி விழித்துக்கொள்வதைக் கண்டோம்.

இதனைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தோம். மதிப்பீட்டாளர்கள் பரிசோதனையை மீளச் செய்து காட்டும்படி கேட்டிருந்தனர். கேட்டது நியாயமே. ஒருவர் கண்டதை இன்னொருவர் காண முடியாதெனின் அது விஞ்ஞானமன்று. மதுவத்தின் ஒரு பங்கை வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பிவைக்க விண்ணப்பித்திருந்தோம். அனுமதி வருமுன் மின்சாரம் போய்விட்டது.

மதுவம் மீளக் கிடைக்காவிட்டால் கட்டுரையை நாங்களே திரும்பப் பெற வேண்டும். பனை சுரக்கும் பருவமோ முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்த பருவம் வருமுன் நான் ஓய்வுபெற்றுவிடுவேன்.

3. நல்ல சாமான்

அந்தப் பழைய உதவியாளர் கனடாவில் இருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, அந்தக் கள்ளை இறக்கிய சீவல் தொழிலாளியின் பெயரைச் சொன்னார். சின்னராசா. சந்நிதி கோவிலுக்குப் போகும் வழியில் விசாரித்தால் எவரும் காட்டுவர் என்றார்.

பெற்றோல் இல்லாத நாள்களாகையால் நானும் நிலானியும் பேருந்தில் சென்றோம். சின்னராசா அண்ணை என் வயதை ஒத்தவர். மரத்திலிருந்து இறங்கி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"வாத்தியாற்றை மகளெல்லே?"

"ஓம் அண்ணை. உங்கடை மரத்துக் கள்ளுக் கொஞ்சம் வேணும்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. நிலானியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ரீச்சருக்கோ?"

"ஆய்வுக்கு."

"ஓமோம், ஆய்வுக்குத்தானே. நல்ல சாமானாத் தாறன். ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ."

மறுநாட் காலை முதற் போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். நீர் கலந்து, தட்டுகளில் பூசி, சூடான பெட்டிக்குள் வைத்தோம். மூன்றாம் நாள் பார்த்தால் தட்டு வெறுமையாக இருந்தது. ஓரத்தில் இரண்டொரு புள்ளிகள் தெரிந்தன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அவை மதுவங்கள் அல்ல, பற்றீரியங்கள்.

ஏகாரைச் சந்தேகித்தோம். புதிதாகக் காய்ச்சினோம். கடையில் வாங்கிய பாண் மதுவத்தை அதே தட்டில் பூசினோம். அது செழித்து வளர்ந்தது. ஆகவே தட்டிலும் குற்றமில்லை, பெட்டியிலும் குற்றமில்லை. பேருந்தின் வெக்கையைச் சந்தேகித்து ஐஸைக் கூட்டினோம். சின்னராசா அண்ணையிடம் மறுபடியும் வாங்கினோம், பிறகு இன்னொரு முறையும் வாங்கினோம். ஒவ்வொரு முறையும் அவர் போத்தலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் தட்டு வெறுமையாகவே இருந்தது.

"மரங்கள் காயத் தொடங்கீட்டுது ரீச்சர். இனி ரெண்டு மரந்தான்," என்றார் அவர்.

4. நிலானி சொல்லாதது

அன்று பிற்பகல் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுத அமர்ந்தேன். நிலானி மேசைக்கருகே வந்து நின்றாள். அவள் வல்வெட்டித்துறையில் கடலோடிய குடும்பத்துப் பிள்ளை.

"மேடம், ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"உது கள்ளில்லை மேடம்."

நான் பேனாவை வைத்தேன்.

"எங்கடை அப்பா பின்னேரத்திலை குடிக்கிறவர். கள்ளெண்டால் புளிச்ச மணம் மூக்கிலை ஏறும். உது இனிப்பு மணம். சுண்ணாம்பு போட்ட கருப்பணி."

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் பனஞ்சாறு புளிக்காது. அந்த இனிப்புச் சாற்றையே கருப்பணி என்பர். சுண்ணாம்பு கொல்வது மதுவத்தைத்தான். நிறத்தாளை எடுத்துப் போத்தலுக்குள் தோய்த்தேன். காரத்தைக் காட்டும் கடும் நீலம் ஏறியது.

"எப்ப தெரியும் உமக்கு?"

"முதல் நாளே மணம் தெரிஞ்சது மேடம். ஆனா உங்களுக்கு முன்னாலை நிண்டு, கள்ளு மணம் எனக்குத் தெரியும் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தந்தையார் தொண்டைமானாற்றுப் பக்கத்து மெதடிஸ்த பாடசாலையில் ஆசிரியராகவும் ஊரின் மதுவிலக்குச் சங்கத்தில் பேச்சாளராகவும் இருந்தவர். கள் விற்கும் தவறணை இருந்த ஒழுங்கையால் போகவே எங்களுக்கு அனுமதியில்லை. கள்ளில் வாழும் உயிரைப் பற்றி நான் வாழ்நாளெல்லாம் எழுதினேன். மரத்திலிருந்து இறக்கிய கள் எப்படி மணக்கும் என்பதை அறியாமலே எழுதினேன்.

5. ஐயா கொடுத்த சொல்

மறுநாள் விடிந்ததும் தொண்டைமானாற்றில் நின்றோம்.

"அண்ணை, முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினனீங்களோ?"

"பின்னை? புது முட்டி வாங்கி, நல்லாக் கழுவி, வெயிலிலை காயவிட்டுப் பூசினனான். எனக்கே அப்பிடிப் பூசிறேல்லை."

"நான் கேட்டது கள்ளு."

"விளங்கினது ரீச்சர். குடுக்க மனம் வரேல்லை."

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "உங்கடை அப்பா வந்து எங்கடை மரத்துக்குக் கீழை நிண்டு பேசுவார். என்னைப் பெத்த ஐயா மேலை இருந்து கேட்டுக்கொண்டு சீவுவார். ஒருநாள் இறங்கி வந்து சொன்னவர், 'வாத்தியார், என்ரை தொழிலை நான் விடேலாது. ஆனா உங்கடை வீட்டுக்கு என்ரை கையாலை கள்ளு வராது.' உங்கடை அப்பா அவற்றை கையைப் பிடிச்சவராம். உந்தச் சொல்லை நான் என்னெண்டு முறிக்கிறது?"

 அவர் காத்தது என் தந்தையாருக்குக் கொடுத்த சொல்லை. அதனைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை.

"அண்ணை, அது குடிக்கிறதுக்குக் குடுத்த சொல்லெல்லே?" என்றேன். "நான் குடிக்கேல்லை. அதுக்குள்ளை இருக்கிற உயிரை எடுத்து வளர்க்கப்போறன். அது இல்லாட்டி இந்தப் பிள்ளையின்ரை படிப்பும் போச்சு, நான் எழுதினதும் பொய்யெண்டு போயிடும். வீட்டுக்கும் கொண்டுபோகேல்லை. நேரை கம்பசுக்குத்தான்."

அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். பிறகு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது.

"கள்ளுக் குடிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். கள்ளு வளர்க்கிற ஆளை இப்பதான் காணுறன்."

"பழைய முட்டியிலை வேணும். கழுவக் கூடாது, கழுவினால் அந்த உயிர் போயிடும்."

"கழுவாத முட்டியோ! ரீச்சருக்கோ!" என்று தலையிலே கை வைத்தார். "சரி. ஆனா உங்கடை கையிலை தரமாட்டன். பிள்ளையிட்டைக் குடுக்கிறன். நீங்கள் அங்காலை திரும்பி நில்லுங்கோ."

ஒரு பேராசிரியர் பனையடியில் முதுகைக் காட்டி நின்ற வேளையில் எங்கள் ஆய்வுக்குரிய மாதிரி கைமாறியது.

6. தட்டு நிறைந்தது

இரண்டாம் நாளே தட்டு பாலாடைபோல் வெளுத்துக் கிடந்தது. "மேடம், எண்ணேலாது!" என்று நிலானி கத்திய சத்தம் அடுத்த துறைவரை கேட்டிருக்கும்.

அதற்குப் பின் நடந்தவை பொறுமைக்குரிய வேலைகள். தட்டில் முளைத்த மதுவக் கூட்டங்களைப் பிரித்து, கலங்களை ஒரே நிலையில் நிறுத்தி, வெப்பத்தை ஏற்றி, எந்த இடம் முதலில் படியெடுக்கத் தொடங்குகிறது என்று பார்த்தோம். பலவற்றில் அந்த இடம் உறங்கியே கிடந்தது. சிலவற்றில் விழித்தது. நாங்கள் முன்னர் எழுதிய அளவுக்கு அது முந்தவில்லை என்பதும் தெரிந்தது. அதனை அவ்வாறே திருத்தி எழுதினோம். கட்டுரை வெளிவந்தது. நிலானி இன்று கலாநிதி.

சின்னராசா அண்ணையை ஒருநாள் ஆய்வுகூடத்துக்கு அழைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கச் செய்தோம். அரும்பு விட்டுப் பிரியும் கலங்களை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உவையளையோ நாங்கள் சுண்ணாம்பு போட்டுக் கொல்லுறது? பாவமடாப்பா, குடும்பமாயெல்லோ இருக்கினம்."

இளைய ஆய்வாளர்க்கு நான் சொல்லத்தக்கது இதுவே. தட்டு வெறுமையாயின் ஏகாரையும் வெப்பநிலையையும் சோதிப்பதோடு நில்லாதீர்கள். மாதிரியைத் தந்தவர் அன்பினாலே அதற்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். உங்கள் மாணவர் மரியாதையினாலே எதைச் சொல்லாமல் விட்டார் என்றும் கேளுங்கள். சுண்ணாம்பைப்போல் மரியாதையும் வெள்ளையாகவே இருக்கும். அதன் கீழே எது முளைக்காமற் போயிற்று என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

நான் ஓய்வுபெற்ற பின்னர் வந்த பருவத்தில் சின்னராசா அண்ணை இரண்டு போத்தல்களோடு என் வீட்டு வாசற் படலைக்கு வந்தார். ஒன்றைப் படலைக்குள் கொண்டுவராமல், என்னைப் பார்க்க வந்திருந்த நிலானியை ஒழுங்கைக்கு அழைத்து நீட்டினார்.

"இது வளர்க்க. கம்பசுக்குக் கொண்டுபோ பிள்ளை."

வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த மற்றதை உள்ளே வந்து என் கையிலே தந்தார்.

"இது குடிக்க. சுண்ணாம்பு பூசினது. ஐயாவின்ரை சொல்லும் முறியேல்லை."

நான் ஒரு குவளை எடுத்துவர, அங்கேயே மூவரும் கருப்பணியைப் பகிர்ந்து குடித்தோம்.