பிழைத்தவர் கணக்கில்: ஓசூரிலிருந்து குந்தாரப்பள்ளி வரை

இதய வால்வு அறுவை சிகிச்சைக்கு முன், நோயாளியின் வயது, சிறுநீரகம், மூச்சுத்திணறல் எல்லாம் பார்த்து, அவர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். வெளிநாட்டு நோயாளிகளைக் கொண்டு உருவான மதிப்பெண் அது. நம் ஊர்க்காரர்களுக்குப் பொருந்துகிறதா என்று பெங்களூர் மருத்துவமனை ஒன்று சரிபார்க்கிறது. ஓய்வு பெற்ற புள்ளியியல் ஆசிரியனான நான் உதவுகிறேன். அறுவைக்குப் பின் என்ன ஆனார் என்று ஒருவரைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. பின்னால் தொடர்பு கொள்ளச் சம்மதித்திருந்தார், ஆனால் கைபேசி வேலை செய்யவில்லை. நான் ஓசூரில் தனியாக இருப்பவன் என்பதால், போன வெள்ளிக்கிழமை நானே கிளம்பினேன். அவர் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, மன்னியுங்கள்.

காலை ஏழரைக்குக் கிருஷ்ணகிரிப் பேருந்து. எதிரே கம்பெனி பஸ்கள், சன்னல்களில் தூங்கும் தலைகள். குந்தாரப்பள்ளி வரை நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். பக்கத்து இருக்கை காலி. பையை அங்கே வைக்கலாமா, மடியிலேயே இருக்கட்டுமா என்று சூளகிரி வரை யோசித்தேன்.

குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். சாலையோரமெல்லாம் ஆடுகள்.

"கயிறுகூட இல்லாம ஆடு வாங்க வந்துட்டீங்களா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆடு வாங்க வரலைப்பா. ஒருத்தரைப் பாக்கணும்."

"வாங்குற மூஞ்சி இல்லன்னு தெரிஞ்சுதாங்க கேட்டேன். ஏறுங்க."

நான்கு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். ஒருவர் வீட்டு வாசலில் நின்று, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பது? வழியெல்லாம் ஒத்திகை பார்த்தும் ஒரு வாக்கியமும் சரியாக வரவில்லை.

அவர் மனைவி தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் கை நின்றது.

"அவரு போயிட்டாருங்க. லேட்டா வந்திருக்கீங்க."

கேட்காமலே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எப்போது என்று தெரியாமல் பயனில்லை. கேட்டேன்.

"ஆபரேசன் ஆகி ஒன்றரை மாசம். நல்லாத்தான் இருந்தாரு. கம்பெனிக்கு எப்பப் போறதுன்னே பேச்சு. ஒரு நாள் காலைல எழுப்புறேன், எந்திரிக்கலைங்க."

எங்கள் ஆய்வில் முப்பது நாளுக்குள் நேர்ந்தால்தான் மரணம். அதைத் தாண்டியவர் பிழைத்தவர். எல்லா ஊருக்கும் ஒரே கோடு இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

"இப்ப என்னன்னு எழுதுவீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன்.

"பொழைச்சாருன்னா?"

"ஆமாம்மா. எங்க கணக்கு அப்படி."

அழுகிய தக்காளி ஒன்றை ஒதுக்கிப் போட்டார். "எழுதிக்கங்க. உங்க காகிதத்துலயாச்சும் இருந்துட்டுப் போகட்டும். டீ குடிங்க."

டீ வரும்வரை எதைப் பார்ப்பதென்று தெரியாமல் தக்காளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓராண்டு வரை பார்க்கலாமே என்று மாலையில் ஆய்வை நடத்தும் மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அது வேறு ஆய்வு சார் என்றார். அவர் சொன்னது சரிதான். பிழைத்தவர் என்றே பதிந்தேன்.

இப்படிப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டம். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. தேதியை உட்கார்ந்த பிறகு கேளுங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். திரும்பும்போது யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும்.