ரூபிக்காக நேர்ந்த சேவல்

அம்மா மாத்திரை கொடுக்கிற அதே குரலில்தான் கதைப் புத்தகமும் கொடுப்பார். "சாப்பிட்டதுக்கு அப்புறம் ரெண்டு அத்தியாயம் படிங்க. நடுவுல நிறுத்திப்போடாதீங்க, முழுசா முடிக்கணும்" என்பார். வாங்கிக்கொள்கிறவர்கள் இது காய்ச்சலுக்கா சளிக்கா என்று கேட்காத குறைதான்.

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் அம்மா நர்ஸாக இருந்தார். அப்பாவுக்கும் அங்கேயே ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி மேலே வந்தபோது, அம்மா பாத்திரங்களைக் குறைத்துக்கொண்டு ஒரு தகரப்பெட்டி நிறையக் கிறிஸ்தவ நாவல்களைக் கொண்டுவந்தார். ஜெபக் கூட்டங்களில் பந்தலுக்கு வெளியே மேசை போட்டு விற்பார்களே, அந்தப் புத்தகங்கள். அட்டையில் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே குடிகாரன் திருந்துவான், மாமியார் மனம் இளகுவார், ஓடிப்போன மகன் கிறிஸ்துமஸுக்கு வந்து கதவைத் தட்டுவான். இதையெல்லாம் ஒரு மனுஷன் படிப்பானா என்று அப்பா கேலி செய்வார். ஒருநாள் கேலியின் வேகத்தில் மூன்று கதாநாயகிகளின் பெயரை வரிசையாகச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

யாருக்கு எந்தக் கதை என்பதில் அம்மா கெட்டிக்காரர். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாத சத்துணவு ஆயாவுக்கு மாமியார் கதை போகும். காலை பஸ்ஸின் கண்டக்டர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். வண்டி மேலே வந்து நிற்கும் நேரத்தில் கடைசி சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். "ஏனுங்க நர்ஸம்மா, இதுல வர்ற டாக்டர் பையன் அநியாயத்துக்கு நல்லவனா இருக்கறானே, நெசமாலுமே இப்படி இருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்.

அத்தனையிலும் அம்மாவுக்கு உயிர் ரூபியின் கதைதான். ரூபி கடற்கரை ஊர்ப்பெண். அவள் கணவன் கப்பலில் வேலைக்குப் போகிறான். போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஊரே கைவிட்டாலும் அவள் ஜெபித்துக்கொண்டு காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் கப்பல் மூழ்கிவிட்ட செய்தி வருகிறது. ரூபி கடற்கரைக்குப் போய் அழுது தீர்த்துவிட்டு, அங்கேயே நின்று ஒரு பாட்டுப் பாடுகிறாள். பிறகு அநாதைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வளர்க்கிறாள். இந்தக் கடைசி அத்தியாயத்துக்காகவே படிக்க வேண்டும் என்று சொல்லித்தான் அம்மா எல்லாருக்கும் அதைக் கொடுப்பார். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. மழை பெய்த ஒரு லீவு நாளில் நானே எடுத்துப் படித்துவிட்டேன்.

நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். வீட்டின் ஒரு பாதியில் அவர் இருந்தார், மறுபாதியில் நாங்கள். கொல்லைப்புறத்திலிருந்து சரிவு வரைக்கும் அவருடைய மிளகுக்கொடிகளும் பலாமரங்களும். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரு பலாவைத் தட்டிப் பார்த்தே எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடுவார். வாய் நிறையப் பேச்சு. என்னைக் கண்டால் "வா சாமி" என்று கன்னத்தைக் கிள்ளாமல் விடமாட்டார்.

அவருடைய கணவர் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியோடு, ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலைக்கு வடநாடு போயிருந்தார். முதலில் கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதி போனுக்குக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு போன் நின்றது. கூடப் போனவர்கள் ஊர் திரும்பி ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். வழியில் எங்கோ இறங்கிப் போனார், வரவில்லை என்றார்கள். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அப்புறம் தெரியாது என்றும் சொன்னார்கள். யாராவது கேட்டால் பெரியம்மா, "வடக்க இருக்கறாருங்க" என்பார். அதற்குமேல் கேட்க யாருக்கும் வாய் வராது. காலையில் குளித்ததும் குங்குமம் வைத்துக்கொள்வதை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

அந்த மிளகுப் பருவத்தில் ஒருநாள் பெரியம்மா வாசலில் சாக்கு விரித்து, காய்ந்த கொத்துகளிலிருந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் கதை குடுக்கறீங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமில்லீங்களா நர்ஸம்மா? படிக்கத் தெரியாட்டி என்னங்க, காது நல்லாத்தான் கேக்குது" என்றார். அம்மா உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து ரூபியை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா பேப்பருக்கு மேலே தலையைத் தூக்கி, தணிந்த குரலில், "வேற கதையே கிடைக்கலையா உனக்கு?" என்றார். "முடிவக் கேட்டா அவங்களுக்கு மனசு தேறும்" என்று அம்மாவும் தணிந்த குரலில் சொன்னார். ரூபி தேறினாளே, பெரியம்மாவும் தேறுவார் என்பது அம்மாவின் கணக்கு.

சாயங்காலந்தோறும் வாசிப்பு நடந்தது. நானும் மிளகு உதிர்க்க உட்காருவேன், கை எரியும், இருந்தாலும் எழமாட்டேன். ரூபியைப் பற்றித் தப்பாகப் பேசுகிற பக்கத்து வீட்டுக்காரியைப் பெரியம்மா வாய்க்கு வந்தபடி வைதார். ரூபி பட்டினி கிடந்த அத்தியாயத்தில், "இங்க வந்துருந்தா ஒரு வாய் களியாச்சும் கிண்டிப் போட்டுருப்பனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் கதை எந்த இடத்தில் விட்டது என்பதை அம்மா மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது பெரியம்மா சந்தைக்குப் போய்விட்டு வந்தார். மலைப்பாதை கீழே இறங்கத் தொடங்குகிற வளைவில் ஒரு கருப்பனார் இருக்கிறார். பஸ்காரர்கள் அவருக்குச் சூடம் கொளுத்தாமல் இறங்கமாட்டார்கள், போனவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிற சாமி. பெரியம்மா அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். "ரூபி ஊட்டுக்காரர் நல்லபடியா வந்துட்டா ஒரு சேவல் அறுக்கறேன்னு வேண்டிக்கிட்டனுங்க நர்ஸம்மா" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேதவசனம் சொல்லி நடக்கிற ரூபிக்குக் கருப்பனாரிடம் நேர்த்திக்கடனா, இதை எழுதினவருக்குத் தெரிந்தால் என்ன ஆவார் என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கண் வலிக்கிறது என்று ஒரு சாயங்காலம் வாசிப்பை நிறுத்தினார். தடுப்பூசி வேலை என்று இன்னொரு சாயங்காலம் நேரம் கழித்து வந்தார். பெரியம்மா மிளகைப் புடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முறம் நின்றுவிடும்.

அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல் ஒரு சாயங்காலம் அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்தார். செய்தி கொண்டுவருகிற ஆள் ரூபியின் கதவைத் தட்டுகிற இடம்வரை புத்தகத்தில் உள்ளபடியே வாசித்தார். பிறகு நிறுத்தி, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரூபி கதவைத் திறந்தாள். வெளியே அவளுடைய கணவனே நின்றான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மாவின் கையிலிருந்த கொத்து அப்படியே நின்றது. "இளைச்சுப் போயிட்டாருங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இளைச்சுத்தான் இருந்தாரு. தாடியெல்லாம் வளர்ந்து."

"அத்தன நாளா எங்கதான் இருந்தாருங்களாமா?"

"ஒடம்பு சரியில்லாம ஒரு ஆஸ்பத்திரில கிடந்தாராம். பேரு ஊரு எல்லாம் மறந்துபோச்சாம். குணமானதும் மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டாரு."

கப்பலில் போனவர் பஸ்ஸில் வந்தது எப்படி என்று பெரியம்மா கேட்கவில்லை. வந்தவர் முதலில் என்ன சாப்பிட்டார், ரூபியை என்ன சொல்லிக் கூப்பிட்டார், இனிமேல் எங்கேயும் போகமாட்டார்தானே என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். ஒன்றையும் விடாமல் அம்மா பதில் சொன்னார். பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கங்களை மட்டும் அந்தந்த நேரத்துக்குச் சரியாகப் புரட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். விரல் வைத்திருந்த பக்கத்தில் ரூபி கடற்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

பல் தேய்த்துவிட்டதாகப் பொய் சொன்னதற்காக என்னை பைபிளிலேயே நீளமான நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் பாதியை மனப்பாடம் செய்யவைத்த அம்மா இவர். "புத்தகத்துல அப்படி இல்லையே" என்று வாயைத் திறந்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சேவலை அறுத்துவிட்டார். அவருடைய கொண்டைச் சேவல், நான் தினமும் தீனி போட்டது. மத்தியானம் தூக்குப்போசியில் குழம்பு கொண்டுவந்தார். சாமிக்குப் படைத்ததை எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம், அது அவருக்கும் தெரியும். பொங்கலோ பண்டிகையோ, படைப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கென்று தனியாக எடுத்துவைத்துத்தான் கொண்டுவருவார். அன்றைக்குப் போசியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "இது படைச்சதுங்க நர்ஸம்மா. தனியா எடுத்து வெக்க வழியில்லைங்க, சேவலே சாமிக்குத்தான். வேண்டாம்னா சொல்லுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

அம்மா எழுந்துபோய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, சோறு போட்டு, அவர் கண்ணெதிரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். கறித்துண்டை நன்றாக மென்று சாப்பிட்டார். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் என் தட்டை நீட்டியபோது மட்டும் அம்மா, "உனக்கு வேண்டாம்" என்றுவிட்டார். மிளகு போட்ட நாட்டுச்சேவல் குழம்பின் வாசனை வீடு முழுக்க நின்றது. பொய்யும் சொல்லி, படையலும் சாப்பிட்டு, அதிலும் எனக்கு ஒரு துண்டு இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த நீதி உணர்ச்சியில் அந்தக் கறித்துண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

போசியை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டு அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினார். பெரியம்மா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போசியை வைத்துவிட்டு நேராகவே சொன்னேன். "பெரியம்மா, புத்தகத்துல ரூபி வீட்டுக்காரரு வரவே இல்லீங்க. கப்பல் மூழ்கிச் செத்துப்போயிட்டாரு. அம்மா பொய் சொல்லிட்டாங்க."

பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "தெரியும் கண்ணு. கண்டக்டரு அந்தக் கதைய மின்னாலயே படிச்சிருக்காரு. சந்தைக்குப் போறப்பவே எங்கிட்ட சொல்லிப்போட்டாரு."

"அப்புறம் எதுக்குங்க சேவல் நேர்ந்தீங்க?"

"அதக் கேட்டப்புறந்தான் கண்ணு நேர்ந்தேன். எப்படியாச்சும் உங்கம்மா வாயில, வந்துட்டாருன்னு ஒரு வார்த்த வரோணும்னு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "புத்தகத்துல அச்சடிச்சாச்சுங்க பெரியம்மா. வேண்டிக்கிட்டா அதெல்லாம் மாறாதுங்க."

"மாறிருச்சில்ல, சாமி" என்று பெரியம்மா சிரித்தார். சிரித்தபடியே சர்க்கரையில் ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டு, "உங்கம்மாகிட்டச் சொல்லிக்காத. பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுசி, சொல்லி முடிக்கறதுக்குள்ள எப்படி வேர்த்துப்போச்சு பாத்தியா" என்றார்.

சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவும் இல்லை. ஆனால் விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். ஆளுக்கு ஒன்றாக, யாருக்காகவாவது வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறை வந்தது. பெரியம்மாவின்மேல் எனக்கு உண்மையாகவே பரிதாபமாக இருந்தது. எழுத்து தெரியாததால் பாவம், அவருக்குக் கதை என்பதே புரியவில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆண்டவரிடம் சொல்வது அம்மாவிடம் சொல்வதாகாது என்றும் எனக்கு ஒரு எண்ணம்.

"ஆண்டவரே, ரூபி வீட்டுக்காரர் செத்துப்போனது முன்னாடியே தெரிஞ்சும், அம்மா மாத்திச் சொல்லணும்னு வேண்டிக்கிட்டு நல்ல சேவல அறுத்துப்போட்ட பெரியம்மாவுக்கு, கதை புரியற புத்தியக் குடுங்க."

அப்பா மெதுவாக ஆமென் சொன்னார். அம்மா சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோதும் அவர் கண்ணை இறுக மூடியபடியே இருந்தார், தோள் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. படையல் சாப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறார் போலிருக்கிறது, அது முடிய நேரமாகும் என்று நினைத்துக்கொண்டு, நான் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைக்கப் போனேன்.