அவன் மாட்டிய கெய்சர்

கேஸ் அடுப்பும் கேஸ் கெய்சரும் மாட்டுவது, ரிப்பேர் பார்ப்பது என் பிழைப்பு. தாம்பரத்தைச் சுற்றி இதே வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனை நினைத்தால் மட்டும் எனக்கு வயிறு எரியும். இரண்டு பேரும் சேலையூரில் ஒரே கடையில், ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று யாரும் நிரூபித்ததில்லை. இருந்தாலும் செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு குடியிருப்பில் எல்லோருக்கும் அவன்தான் வேண்டும். அங்கிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டால், எடுத்ததுமே "அவர் போன் எடுக்கல, அதான்..." என்பார்கள். அதையாவது சொல்லாமல் இருக்கலாம்.

போன மார்கழியில் அங்கிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் மகளுக்குத் தலை சுற்றுகிறதாம். முந்தின நாள் கதவருகிலேயே சரிந்துவிட்டாளாம். கெய்சர் மாட்டியது யார் என்று கேட்டேன். அவன்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண்ணை நினைத்துக் கவலைப்படும் முன்பே எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கெய்சர் பாத்ரூமுக்கு வெளியே, வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனியில் இருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, ஒரு குமிழாவது வராதா என்று பார்த்தேன். வரவில்லை. டியூபில் வெடிப்பு இல்லை. கிளிப் தளரவில்லை. பாவி, குறை சொல்ல இடமே வைக்காமல் செய்திருந்தான்.

நிமிர்ந்தபோதுதான் பால்கனி கிரில்லைக் கவனித்தேன். மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்திருந்தார்கள்.

"இது எப்பம்மா போட்டீங்க?"

"போன மாசம்தாண்ணா. மழைல மெஷின் நனையுது, புறாத் தொல்லை வேற."

விளங்கிவிட்டது. கெய்சர் விடும் புகைக்கு வெளியே போக வழியில்லை. பக்கத்திலேயே இருந்த பாத்ரூம் ஜன்னல் வழியாக உள்ளே போயிருக்கிறது. அதிலிருக்கும் விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, குளிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. தப்பு அந்த ஷீட்டில்தான், அவன் மேல் துளியும் இல்லை.

"அவர் மாட்டினதுல ஏதாவது தப்பாண்ணா?" என்று அந்த அம்மாவே கேட்டார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "ஆமாம்மா. எடமே சரியில்ல" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன், பாத்ரூம் உள்ளயே வைங்கன்னு. உயிர் போற விஷயம், மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. பக்கத்து பிளாக் ஆன்ட்டிக்கு நீங்க உள்ளதானே மாட்டிக் குடுத்தீங்க? எங்களுக்கும் அப்படியே மாத்திடுங்கண்ணா."

உள்ளே மாட்டக் கூடாது என்பது அந்த ஆன்ட்டி கேட்டபோதே எனக்குத் தெரியும். முடியாது என்றால் அவனைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்து மாட்டிக் கொடுத்தேன். அவனோ முடியாது என்று சொல்லியும் அந்தக் குடியிருப்பையே கையில் வைத்திருக்கிறான். ஒரு 'மாட்டேன்' அவனுக்கு வந்து எனக்கு வராமல் போயிற்றே என்று அன்று எரிந்ததுபோல் என்றைக்கும் எரிந்ததில்லை.

"இல்லம்மா, நான் சொன்னது தப்பு. அவர் வச்ச எடம்தான் சரி. இந்த ஷீட்தான் எமன். மொதல்ல பொண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லி, ஷீட்டை நானே பிய்த்து எடுத்தேன்.

"அதானே, அவர் வேலைன்னா வேலைதான்" என்று அந்த அம்மா என்னிடமே சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அங்கிருந்து நேராகப் பக்கத்து பிளாக்குக்குப் போனேன். ஆன்ட்டி தனியாக இருப்பவர். கதவைத் திறந்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வாப்பா! இங்க எல்லாரும் அந்த ஆளையே புகழ்றாங்க. நான் மட்டும் உன்னைத்தான் சொல்லுவேன். கேட்ட எடத்துல மறுபேச்சு பேசாம மாட்டிக் குடுத்தியே!"

இப்படி ஒருவர் சொல்லமாட்டாரா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். அவர் பேசி முடிப்பதற்குள் சிலிண்டரை மூடிவிட்டு, கெய்சரைக் கழற்ற ஆரம்பித்தேன்.