ஸ்டெல்லா அக்காவின் வெள்ளிக்கிழமைகள்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மருமகள் ஜெசி போன் செய்தபோது நான் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். மாரடைப்பு. "ராத்திரி படுத்தவங்க காலைல எந்திரிக்கவே இல்லைங்க" என்றாள். டப்பாவை மூடிவிட்டு, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். எது நடந்தாலும் நான் முதலில் சொல்கிற ஆள் ஸ்டெல்லா அக்காதான்.

சர்ச் பாடகர் குழுவில் அவரோடு நின்ற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் எப்போதும் வரிசையின் ஓரத்தில், ஓர் ஆள் இடம் விட்டு நிற்பார். கல்யாண வீடுகளில் யாராவது ஆசையாக அணைக்க வந்தால் ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவார். ஒட்டாத மனுஷி என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. அவர் மறுக்கவில்லை. நான் மறுக்கிறேன்.

அவருக்கும் எனக்கும் ஒரே நோய். டெர்கம் நோய் என்று பெயர். கையிலும் தொடையிலும் வயிற்றிலும் தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டிகள் வரும். ஊரில் பலருக்கும் வருகிற கொழுப்புக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. எங்களுடையது, ரவிக்கையின் தையல் உரசினாலே வலிக்கும். அரிதாக வருவது என்பதால் நம்புவதற்குத்தான் ஆள் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் கொஞ்சம் பருமனான இரண்டு பெண்கள், அவ்வளவுதான்.

நாங்கள் அறிமுகமானது காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகும் டவுன் பஸ்ஸில். கூட்டத்தில் நான் வழக்கம்போல் கைப்பையை மேல்கையோடு சேர்த்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஓர் அம்மாள் தன் பையை அதே மாதிரி வைத்திருந்தார். திருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் பையை வயிற்றோடு அணைப்பார்கள். மேல்கைக்கு யாரும் காவல் வைப்பதில்லை. பஸ் குலுங்கியதில் ஒருவர் அவர்மேல் சாய்ந்தார். அவர் கத்தவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். உக்கடத்தில் இறங்கியதும் என்னிடம் வந்து, "ஏனுங்க, உங்களுக்கும் கட்டிங்களா?" என்று கேட்டார். பஸ் நிலையம் என்றும் பாராமல் நான் நின்று அழுதேன்.

பிறகு ஒரு டாக்டரைப் பார்க்க எனக்குத் துணையாக வந்தார். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். "குறைக்கறோமுங்க. குறைச்சா வலி போயிருமுங்களா?" என்று அக்கா கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார், நல்ல மனிதர். "அப்ப அதையும் சேர்த்துச் சொல்லிப்போடுங்க. இல்லாட்டி இந்தம்மணி தன்ற மேலதான் தப்புன்னு நெனச்சுக்கும்." அதுவரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் போனில் பேசுவோம். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "இன்னைக்கு எங்க?" என்பார். "இடது தொடைங்க" என்பேன். "எனக்கு முழங்கைக்கு மேல" என்பார். முடிந்தது. அதன் பிறகு தக்காளி விலை, மழை, பக்கத்து வீட்டுச் சண்டை. தனியாக இருக்கிறவள் நான். அந்த இரண்டு வரிப் பேச்சுக்காக நாள் முழுக்கக் காத்திருந்தேன். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிப்போடோணும் அம்மணி, முழுங்கக் கூடாது" என்று எனக்கு ஓயாமல் சொன்னவர் அவர்.

சொன்னவர் தன் வீட்டில் செய்தது வேறு. வெள்ளிக்கிழமைதோறும் ஜெசி நல்லெண்ணெய் காய்ச்சி மாமியாரின் கைகால்களை அழுத்தித் தேய்த்துவிடுவாள். அத்தைக்கு உடம்பு வலி என்று கேட்டு, அவளாகவே பிரியத்தில் ஆரம்பித்தது. மறுநாள் போனில் அக்காவின் குரலே மாறியிருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?" என்று ஒருமுறை சண்டையே போட்டேன்.

"சொன்னா நிறுத்திப்போடுவா அம்மணி" என்றார். "வாரத்துல அந்த ஒரு நேரந்தான் என்ற மேல ஒரு மனுசக் கை படுது."

என் வீட்டில் எண்ணெய் தேய்க்க வருவதற்குக்கூட ஆள் இல்லை. அன்று எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

துக்க வீட்டுக்குப் போனேன். நம் பக்கத்து வழக்கப்படி பெண்கள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு அழ வந்தார்கள். நான் பின்னால் நகர்ந்தேன். "சிநேகிதின்னாங்க, கட்டிப்புடிச்சு அழக்கூட மனசு வரலை பாரு" என்று யாரோ சொன்னது கேட்டது.

"எனக்கும் அவங்களுக்கு இருந்த நோவுதானுங்க. அழுத்துனா உசுரு போறாப்பல வலிக்குமுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜெசி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் எண்ணெய் தேய்ச்சப்பவெல்லாம் அத்தைக்கு வலிச்சுதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் அதுதான் நாகரிகம். ஆனால் 'அதெல்லாம் வலிக்காது' என்று பிறர் சொல்வதையே கேட்டு வாழ்ந்தவர் அங்கே கிடந்தார். அவர் முன்னால் நானும் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"வலிச்சுது கண்ணு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நீ நிறுத்தியிருப்பே. உன்ற கை வேணும்னு சொல்லாம இருந்துட்டாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எவ்வளவு வலி என்றோ, கட்டி எங்கே என்றோ கேட்கவில்லை. சொன்னதும் நம்பினாள்.

அடக்கம் முடிந்து நான் கிளம்பியபோது கேட் வரை வந்தாள். என் கையைப் பிடிக்க வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வலிக்குமுங்களே."

"வலிக்கும் கண்ணு. மெதுவாப் புடி."

பிடித்தாள். வலிக்கத்தான் செய்தது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது வலியைச் சொல்லிவிடும் இந்தப் பழக்கம் ஒன்றுதான். சொன்னால் கை விலகிவிடும் என்று பயந்து, தன் வீட்டில் மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. நான் சொன்னேன். ஜெசி கையை எடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இப்போது அக்கா இல்லை.